முள்ளை வெல்லும் சில்லு

யாழ்ப்பாணத்துப் பாடசாலை எதிலாயினும் ஆசிரியராகக் கடமையாற்றியவர்கள் காலை வேளையில் ஓயாமற் கேட்டுப் பழகிய வாக்கியம் ஒன்று உண்டு. “சேர், வழியிலை காத்துப் போட்டுது.” பிந்தி வருவோரில் எத்தனை பேர் இதனைச் சொல்கின்றனர் என்று நான் கணக்கெடுத்ததில்லை. கணக்கெடுக்கும் எண்ணமே எனக்குத் தோன்றியதில்லை. ஏனெனில், இதனை ஒரு காரணமாக நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. வயிற்றுவலி, மழை, அம்மம்மாவுக்குச் சுகமில்லை என்பவற்றோடு சேர்த்து, சாட்டுக்களின் வரிசையிலே இதற்கும் ஓர் இடங் கொடுத்திருந்தேன்.

2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் வகுப்பிலே ஒரு மாணவி இருந்தாள். தென்மராட்சியின் உட்கிராமம் ஒன்றிலிருந்து ஆறு கிலோமீற்றர் தூரம் சைக்கிளில் வருபவள். கெட்டிக்காரி, ஆயினும் ஒரே மாதத்தில் ஐந்து முறை பிந்தி வந்தாள். ஐந்தாம் முறை அவளை முதற்பாடம் முடியும்வரை விறாந்தையிலே நிற்கவைத்தேன். அன்று முதற்பாடத்தில் இலக்கணத்துக்கான மாதப் பரீட்சை நடந்தது. உள்ளே மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்க, அவள் தூணோரமாக நின்றாள். அவளுடைய விரல்களிலே சங்கிலியின் கரி அப்பியிருந்தது. அதை நான் கண்டேன். கண்டும் அதன் பொருளை யோசிக்கவில்லை. புள்ளிப் புத்தகத்தில் அவளுடைய பெயருக்கு நேரே பூச்சியம் என்று பதிந்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன்.

சில மாதங்களிலே நாட்டில் எரிபொருள் அற்றுப்போயிற்று. பெற்றோல் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசைகள் நீண்டு கிடந்த அக்காலம் எவருக்கும் மறந்திருக்காது. என் மோட்டார் சைக்கிள் தாழ்வாரத்தில் ஓய்வெடுத்தது. காலஞ்சென்ற தந்தையாரின் 28 அங்குல றலிச் சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தேன். இத்தீபகற்பத்துக்கு இது புதுமையன்று. 1990 களிற் பொருளாதாரத் தடையினால் எரிபொருள் இல்லாதிருந்த ஆண்டுகளில், நெல் மூட்டையும் விறகுக் கட்டும் நோயாளியும் சைக்கிளிலேயே பிரயாணஞ் செய்தனர். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தின் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது, அவர்தம் எஞ்சிய உடைமைகளைச் சுமந்து வந்தவற்றிற் பெரும்பங்கும் சைக்கிள்களே. ஆகவே, பழைய நண்பன் கைவிடமாட்டான் என்னும் நம்பிக்கையோடுதான் புறப்பட்டேன்.

என் வீட்டிலிருந்து பாடசாலை ஒன்பது கிலோமீற்றர். முதல் இரு வாரங்களில் நான்கு தடவை வழியிலே காற்றுப் போயிற்று. ஆசிரியர் கையொப்பமிடும் புத்தகத்தில், குறித்த நேரமானதும் சிவப்புக் கோடு இழுக்கப்படும் வழக்கம் ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. இரு வாரத்தில் மூன்று நாட்கள் அக்கோட்டின் கீழே நான் கையொப்பமிட்டேன். மூன்றாம் நாள் பேனாவைப் பிடித்தபோது என் விரல்களைப் பார்த்தேன். அதே கரி.

என்னை எவரும் விறாந்தையில் நிற்கவைக்கவில்லை.

அன்றிலிருந்துதான் ரயரைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினேன். ஓர் அற்பப் பொருளைப் பற்றி இத்துணை எழுதவேண்டுமா என்று வாசகர் எண்ணக்கூடும். நாள்தோறும் காலை வேளையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கல்வி இவ்வற்பப் பொருளின் மேலேதான் உருண்டு வருகின்றது என்பதை எண்ணிப் பார்த்தால், எழுதாமல் விட்டதே குற்றம் என்று எனக்குப் படுகின்றது.

ஓட்டை சொல்லும் சேதி

எங்கள் சந்தியிலே ஒரு முதியவர் சைக்கிள் திருத்துகிறார். ரியூப்பைக் கழற்றி, தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி கிளம்பும் இடத்தைக் கண்டு, அரத்தாள் தேய்த்து, சொலூஷன் பூசி ஒட்டுப் போடுவதில் அவருக்கு நிகரில்லை. நான்காம் முறை நான் போனபோது அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்:

“மாஸ்ரர், ஓட்டையை அடைக்கிறது என்ரை வேலை. ஓட்டை ஏன் வந்ததெண்டு பாக்கிறது உங்கடை வேலை.”

பின்னர் அவரே அவ்வேலையையுங் கற்பித்தார். ஓட்டை ரியூப்பின் வெளிப்புறத்தில், அதாவது நிலத்தை நோக்கிய பக்கத்தில் இருக்குமாயின், வெளியிலிருந்து ஏதோ ரயரைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கின்றது. உட்புறத்தில், விளிம்பை நோக்கிய பக்கத்தில் இருக்குமாயின், குற்றம் சாலையினதன்று. கம்பியின் நுனி நீண்டு நிற்கின்றது, அல்லது அதனை மூடவேண்டிய நாடா இற்றுப்போயிற்று. இரண்டு சிறு ஓட்டைகள் பாம்பு தீண்டியதுபோல் அருகருகே இருக்குமாயின், காற்றுக் குறைந்த சில்லு கல்லிலோ குழியிலோ மோதி, ரியூப் விளிம்புக்கும் கல்லுக்கும் இடையில் நசிந்திருக்கின்றது. வால்வின் அடியிற் கிழிந்திருக்குமாயின், காற்றில்லாமல் உருட்டியதனால் ரயர் நழுவி ரியூப்பை இழுத்திருக்கின்றது.

ஆகவே, ஒட்டுப் போடுமுன்னர் ரியூப்பை ரயரோடு வைத்துப் பொருத்திப் பார்க்கவேண்டும். வால்வு இருந்த இடத்தை அடையாளமாகக் கொண்டால், ரியூப்பின் ஓட்டைக்கு நேரே ரயரின் எவ்விடம் வருமென்று தெரியும். அவ்விடத்தை உள்ளும் புறமும் விரலாலே மெல்லத் தடவிப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான். அவனை எடுக்காமல் ஒட்டுப் போட்டவனுக்கு அன்று மாலையே மறுபடியும் வேலை உண்டு. முதல் மூன்று முறையும் எனக்கு நேர்ந்தது அதுதான். ஒரே முள் என் ரயருக்குள்ளே இருந்துகொண்டு மூன்று ஒட்டுக்களை வாங்கியிருந்தது.

முதியவர் குறடாற் பிடுங்கிக் காட்டிய அந்த முள், நெருஞ்சி முள்.

கவிதையிலும் காலையிலும் நெருஞ்சி

தமிழ் படித்தவனுக்கு நெருஞ்சி அந்நியமானதன்று. காதலியின் அடிகளுக்கு மென்மையான அனிச்சமும் அன்னத்தின் இறகுங்கூட நெருஞ்சிப் பழம்போல் வருத்தந் தரும் என்று வள்ளுவர் நயம்பாராட்டியிருக்கின்றார். குறுந்தொகையின் 202 ஆம் செய்யுளிலே அள்ளூர் நன்முல்லையார், முன்னர் இனியனாயிருந்து பின்னர் இன்னாதவனாக மாறிய தலைவனுக்கு, கண்ணுக்கு இனிய பூவைக் காட்டிப் பின்பு முள்ளைத் தரும் நெருஞ்சியை உவமையாக்கினார். இவ்விரண்டையும் நான் இருபது ஆண்டுகளாக வகுப்பிலே விளக்கியிருக்கிறேன். ஆனால் வள்ளுவர் முள் என்று சொல்லாமற் பழம் என்று சொன்னது ஏன் என்பதை, சைக்கிள் கடையில் அமர்ந்துதான் உணர்ந்தேன்.

நெருஞ்சியின் முள் கொடியில் இல்லை, காயில் இருக்கின்றது. மஞ்சள் நிறமான ஐந்திதழ்ப் பூ உதிர்ந்ததும் தோன்றும் காய், முற்றியபின் ஐந்து துண்டுகளாகப் பிரிந்து மணலிற் சிதறும். ஒவ்வொரு துண்டிலும் வலிய முட்கள் கிளைத்திருக்கும். எப்படி விழுந்தாலும் ஏதேனும் ஒரு முள் வானத்தை நோக்கியே நிற்கும். போர்க்களத்திலே குதிரைகளின் குளம்பைத் துளைப்பதற்கென்று இரும்பினால் முட்கள் செய்து தூவினார்கள் அல்லவா? அந்த அமைப்பேதான் இதுவும். விதையைக் காலிலே தைத்து ஊர் ஊராகப் பரப்புவதற்கு இயற்கை செய்த தந்திரம் இது. முன்னர் ஆட்டின் குளம்பிலும் வழிப்போக்கனின் பாதத்திலும் ஏறிச் சென்றது. இப்போது சில்லில் ஏறிச் செல்கின்றது. அமெரிக்காவிலே இச்செடிக்கு, ரயரைத் துளைக்கும் கொடி என்ற பொருளிலேயே பெயர் வழங்குகின்றது.

நெருஞ்சி மாத்திரமா? கிளுவை வேலியைக் கத்தரிக்கும் நாட்களில் ஒழுங்கை முழுவதும் முள் நறுக்குகள் கிடக்கும். வேலி அடைக்கும் காலத்திலே கம்பித் துண்டுகள் விழும். உடை மரத்தின் வெள்ளை முள் ஒன்று போதும், செருப்பையே ஊடுருவும். தெருவோரத்திலே உடைந்த போத்தல்களின் சில்லங்கள் உள்ளன. கண்ணாடிச் சில்லம் முள்ளைப்போல் உடனே துளைப்பதில்லை; ரயரின் இறப்பரிலே மெல்லப் பதிந்து, சில்லு சுழலுந்தோறும் சற்றே உள்ளே தள்ளப்பட்டு, சில நாட்களின் பின்னரே ரியூப்பைத் தொடும். என்னுடைய சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 2.25 மீற்றர். பாடசாலைக்குச் செல்லும் ஒன்பது கிலோமீற்றரில் அது 4,000 முறை சுழலுகின்றது. அதாவது, பதிந்த சில்லத்தைப் பூமி 4,000 முறை உள்ளே அறைகின்றது. வாரத்துக்கு ஒருமுறை ஊசியினால் ரயரைச் சோதித்து இச்சில்லங்களைக் கிளறி எடுப்பவன், அடுத்த வாரத்தின் பல ஒட்டுக்களைத் தவிர்த்துக்கொள்கின்றான்.

காற்றுக்குப் பிறந்த கவலை

காற்றடைத்த ரயர் தோன்றுமுன்னர் இத்தொல்லை இல்லை. அக்காலச் சில்லுக்களில் இரும்புப் பட்டமோ கட்டி இறப்பரோ பூட்டியிருந்தார்கள். முள்ளுக்கு அஞ்சவேண்டியதில்லை, முதுகெலும்புக்கு அஞ்சவேண்டியிருந்தது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த றொபேட் தொம்சன் என்பவர் 1845 ஆம் ஆண்டிலேயே காற்றுச் சில்லுக்கு உரிமம் பெற்றாராயினும், உலகம் அதனை மறந்துவிட்டது. 1888 இல் பெல்பாஸ்ற் நகரிலே மிருக வைத்தியராயிருந்த ஜோன் டன்லொப், தம் மகனின் மூன்று சில்லு வண்டி கல் பாவிய தெருவிற் குலுங்காதிருக்கவேண்டும் என்று செய்த முயற்சியே இன்றைய ரயருக்கு வழி திறந்தது. முதலில் வந்த ரயர்கள் விளிம்போடு ஒட்டப்பட்டிருந்தன. காற்றுப் போனாற் பிரித்து, ஒட்டி, காயவிட்டு எடுப்பதற்குப் பல மணி நேரஞ் சென்றது. இலகுவிற் கழற்றக்கூடிய ரயரைப் பிரான்சின் மிஷெலின் சகோதரர்கள் 1891 இல் வெளியிட்டனர். அதே ஆண்டு பாரிஸிலிருந்து பிறெஸ்ற் சென்று மீளும் ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர்ப் பந்தயத்திலே ஷார்ல் தெரோன் அவ்வகை ரயரோடு வென்றார். அன்றைய தினம் அந்த வெற்றியாளருங்கூட வழியிலே நின்று ஓட்டை அடைத்தவரே.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1876 இல் ஹென்றி விக்கம் பிறேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற இறப்பர் விதைகளில் முளைத்தவற்றிலிருந்து ஏறக்குறைய 1,900 கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களின் வரலாறு அவ்விடத்திலிருந்து விரிகின்றது. இன்று தொழிற்சாலை வண்டிகளுக்கான, காற்றில்லாத கட்டி ரயர்களைச் செய்து உலகுக்கு அனுப்புவதில் இலங்கை பெயர் பெற்றுள்ளது. காற்றே இல்லாத ரயருக்கு ஓட்டையும் இல்லை. அவ்வாறாயின் சைக்கிளுக்கும் அதனைப் பூட்டினால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். பூட்டலாம், விற்பனைக்கும் வருகின்றன. ஆனால் ஓட்டம் பாரமாகும், குலுக்கம் கூடும், அந்த அதிர்ச்சியைச் சில்லின் கம்பிகளும் ஓட்டுபவரின் கைகளும் ஏற்கவேண்டும். டன்லொப்பின் மகன் பட்ட பாட்டுக்கு நாம் திரும்பிச் செல்லவேண்டியதில்லை.

தெரிவு செய்யும் முறை

எனவே காற்று வேண்டும். காற்றுக்குக் காவலும் வேண்டும். அக்காவல் மூன்று வகையாக அமைகின்றது.

முதலாவது, இறப்பரின் தடிப்பு. நிலத்தைத் தொடும் நடுப்பகுதி தடித்திருந்தால், குறுகிய முள் ரியூப்பை எட்டாது. இதுவே பழைய வழி, மலிவான வழியுமாகும். இரண்டாவது, இறப்பருக்கும் நூற்படைக்கும் இடையே உறுதியான நெசவுப் பட்டியொன்றை வைப்பது. 1965 இல் டியூபொன்ற் ஆய்வுகூடத்திலே ஸ்ரெபனி குவொலெக் அம்மையார் கண்டறிந்த இழையிலிருந்து உருவான கெவ்லார், நிறைக்கு நிறை உருக்கிலும் பன்மடங்கு வலியது. குண்டு துளையாத அங்கிகளுக்குப் பயன்படுவது. அது போன்ற இழைப் பட்டி கண்ணாடிச் சில்லத்தின் வெட்டைத் தடுப்பதிற் சிறந்தது. ஆயினும் ஊசிபோன்ற மெல்லிய முள் நெசவின் இழைகளை விலக்கிக்கொண்டு நுழைந்துவிடக்கூடும். மூன்றாவது, மிருதுவான தடித்த இறப்பர்ப் படையொன்றை உள்ளே வைப்பது. ஜேர்மனியின் ஷ்வால்பே நிறுவனத்து மரத்தோன் பிளஸ் என்னும் ரயரில் இப்படை 5 மில்லிமீற்றர் வரை தடித்தது. முள் முழுவதும் ஏறினாலும் அதன் நுனி அந்தப் படைக்குள்ளேயே முடிந்துவிடும். நெருஞ்சிக்கு ஏற்ற மருந்து இதுவே. ஆனால் இலவசமாக எதுவுங் கிடைப்பதில்லை. அத்தகைய ரயர் ஒன்றின் நிறை ஒரு கிலோகிராமை அணுகும். விலை சாதாரண ரயரின் விலையிலும் பல மடங்கு. மிதிக்கும்போது சற்றுப் பாரமாகவே இருக்கும்.

இந்த அறிவோடு, ஜேர்மனியில் வசிக்கும் மருமகனுக்கு எழுதினேன். 2023 ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர் இரண்டு ரயர்களைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். “மாமா, நீங்கள் கேட்ட இருபத்தெட்டு இஞ்சி” என்று பெருமையோடு நீட்டினார். முதியவரும் நானும் ஒரு மாலை முழுவதும் போராடினோம். ரயர் விளிம்பில் ஏறவே இல்லை. பிறகுதான் பக்கச் சுவரில் இருந்த சிற்றெழுத்தை வாசித்தோம். அதில் 37-622 என்றிருந்தது. என்னுடைய பழைய ரயரில் 40-635 என்றிருந்தது.

வாசகர் இதனை மனத்திற் குறித்துக்கொள்ளல் வேண்டும். அங்குலக் கணக்கு ஒரு பெயரே தவிர அளவு அன்று. முதல் இலக்கம் ரயரின் அகலம், இரண்டாவது இலக்கம் ரயர் அமரும் விளிம்பின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். ஜேர்மனியரின் 28 அங்குலம் 622. எங்கள் பழைய சைக்கிளின் 28 அங்குலம் 635. பதின்மூன்று மில்லிமீற்றர் வித்தியாசத்தைப் பாசத்தாலும் நெம்புகோலாலும் கடக்க முடியாது. 26 அங்குலத்திலும் இதே குழப்பம் உண்டு: 26 × 1⅜ என்பது 590, மலைச் சைக்கிள்களின் 26 அங்குலம் 559. கடைக்குப் போகுமுன் பழைய ரயரின் இந்த இரு இலக்கங்களையும் தாளில் எழுதிக்கொண்டு போகவேண்டும். மருமகன் தந்தவை என் சக ஆசிரியர் ஒருவரின் புதிய சைக்கிளுக்குச் சரியாகப் பொருந்தின. அவருக்கு யோகம். முதல் வாரம் “மாடு இழுக்கிற மாதிரிக் கிடக்கு” என்று முறைப்பட்டார். ஓராண்டு ஒட்டே போடாமல் ஓடியபின் முறைப்பாட்டை நிறுத்திக்கொண்டார்.

எனக்குக் கிடைத்தது உள்ளூர்க் கடையில் இருந்த தடித்த சாதாரண ரயரே. அதைத் தெரிவதற்கும் முறை உண்டு. ஒரே அளவான இரண்டு ரயர்களைக் கையிலே தூக்கிப் பார்த்தால், பாரமானது பெரும்பாலும் தடித்தது. நடுப்பகுதியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அமத்திப் பார்த்தாலும் தெரியும். தார்த்தெருவில் ஓடுபவருக்கு ஆழமான கட்டைகள் கொண்ட அச்சு தேவையில்லை. கல்லும் சில்லமும் அதன் பள்ளங்களில் ஒளிந்துகொள்ளும். பக்கச் சுவரை மெல்ல வளைத்து வெடிப்பு உண்டோ என்று பார்க்கவேண்டும். நெடுங்காலம் வெயிலிலே தொங்கிய ரயர் புதியதுபோல் தோன்றும் கிழவனாகும். சட்டமும் தடுப்புக் கட்டையும் இடந்தருமாயின் சற்று அகலமானதை வாங்குவது நன்று. ஒன்றுக்கு மாத்திரமே பணம் உண்டாயின், பாரத்தின் பெரும்பங்கைச் சுமக்கும் பின்சில்லுக்கே நல்லதைப் பூட்டவேண்டும். ஆனால் முன்ரயர் வெடித்தால் ஆளையே வீழ்த்தும் ஆதலால், நூல் தெரியும் ரயரை முன்னே மாற்றிப் பூட்டுவது மிச்சம்பிடிப்பு அன்று, ஆபத்து.

தடித்த ரயருக்கு உள்ளே இன்னொரு காவலையும் முதியவர் வைத்தார். பழுதான ரியூப் ஒன்றை நீளவாக்கில் வெட்டிப் பட்டியாக்கி, அதன் ஓரங்களை அரத்தாளால் மெலியச் செய்து, பவுடர் தூவி, ரயருக்கும் ரியூப்புக்கும் நடுவே படுக்கவைத்தார். ஓரத்தை மெலியச் செய்யாவிட்டால், அந்தப் பட்டியே நாளடைவில் ரியூப்பை அரித்துவிடும். விளிம்பின் உட்புறத்திலும் புதிய நாடா சுற்றினார். செலவு அற்பம், பயன் பெரிது.

காற்றும் ஒரு கவசம்

எவ்வளவு நல்ல ரயரானாலும் காற்றுக் குறைந்தால் அதன் நன்மை பாதியாகும். இதனை ஒரு சிறு கணக்கினால் மாணவர்க்கு விளக்கலாம். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோகிராம் என்றும், அதில் 48 கிலோகிராம் பின்சில்லின்மேல் நிற்கின்றது என்றும் வைத்துக்கொள்வோம். ரயரினுள் ஒரு சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தல் அமுக்கம் இருக்குமாயின், நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 14 சதுர சென்ரிமீற்றர். அமுக்கம் 25 இறாத்தலாகக் குறையுமாயின் அப்பரப்பு இரு மடங்காகும். தொடும் பரப்பு அகன்றால், வழியிலுள்ள முட்களைப் பொறுக்கும் பாதையும் அகலும். கல்லில் மோதும்போது ரியூப் நசியும் அபாயமும் வரும். மாறாக, அளவுக்கு மீறி அடித்தால் ரயர் விறைத்து, கூர்மையான சில்லத்துக்கு வளைந்துகொடுக்காமல் வெட்டுப்படும். பக்கச் சுவரிலே அச்சிட்ட எல்லையைத் தாண்டாமல், வாரத்துக்கு ஒருமுறையாவது காற்றடிப்பது முறை. பெருவிரலால் அமத்திப் பார்த்து “காணும்” என்று சொல்வது நம் வழக்கம். மானி வைத்து அளந்து பார்த்தபோது, என் பெருவிரல் இத்தனை காலமும் பொய் சொல்லியிருந்தது தெரிந்தது.

அந்த மாணவி

ரயர் மாற்றுவதற்கு முன்னரே, சிவப்புக் கோட்டின் கீழே மூன்றாம் முறை கையொப்பமிட்ட அந்த வாரத்திலேயே, அந்த மாணவியை அழைத்தேன். வகுப்பின் முன்னிலையில் தண்டித்தவன் வகுப்பின் முன்னிலையிலேயே சொல்லவேண்டும் என்று எண்ணி, “அண்டைக்கு உம்மை வெளியிலை விட்டது என்ரை பிழை” என்றேன். அவள் சற்று நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்பு கேட்டாள்:

“அந்தச் சோதினையை இப்ப எழுதலாமோ, சேர்?”

மறுநாள் எழுதினாள். பூச்சியத்தை வெட்டி, அவள் பெற்ற புள்ளியைப் பதிந்தேன்.

அதன் பின்னர் ஒரு பிற்பகல், வகுப்புப் பிள்ளைகளின் சைக்கிள்களை வரிசையாக நிறுத்திச் சோதித்தோம். பதினான்கு சைக்கிள்களில் ஒன்பதின் பின்ரயர் நூல் தெரியும் நிலையில் இருந்தது. அவளுடைய ரயரைப் பற்றி, சல்லடையென்று முதியவர் சொன்னதே போதும். பெற்றோருக்குச் சொன்னோம், பெரும்பாலோர் ஒவ்வொருவராக மாற்றிக் கொடுத்தனர். அவளுடைய சைக்கிளுக்குத் தடித்த ரயர் ஒன்றை நானும் சக ஆசிரியருமாக வாங்கிப் பூட்டினோம். அவளுடைய தாயார் அந்தப் பணத்தை மூன்று தவணைகளிலே திருப்பித் தந்தார். மறுப்பது அவரை அவமதிப்பதாகும் என்று அறிந்து வாங்கிக்கொண்டேன். அப்பணத்தினால் ஒரு நிலைப்பம்பும், ஒட்டுக்களும், சொலூஷனும், ஒரு தண்ணீர்ச் சட்டியும் வாங்கி விறாந்தையின் மூலையிலே வைத்தோம். அவள் நின்ற அதே தூணடியில் அவை இப்போதும் இருக்கின்றன. ஒட்டுப் போடத் தெரியாத பிள்ளை இன்று அவ்வகுப்பில் இல்லை.

முள் குத்தாத ரயர் என்று உலகில் ஒன்றும் இல்லை. முள்ளுக்கு எளிதில் இடங்கொடாத ரயர்தான் உண்டு. பின்னரும் எனக்கு இரண்டு முறை காற்றுப் போயிற்று. அம்மாணவிக்கும் ஒருமுறை போயிற்று. அன்று அவள் கரி அப்பிய கையோடு வாசலில் வந்து நின்று, பழைய வாக்கியத்தையே சொன்னாள். நான் கேட்டது ஒன்றுதான்:

“ஓட்டை எந்தப் பக்கம்?”

“வெளிப்பக்கம், சேர். நெருஞ்சி. முள்ளை எடுத்துப் போட்டுத்தான் ஒட்டினனான்.”

கையைக் கழுவிக்கொண்டு வந்து இருக்கச் சொன்னேன்.